கெஜம் பத்தணா நீலத்துணி

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் கடைக்குப் போய்விட்டு இரண்டு கை நிறையப் பைகளோடு வந்தாள். "அப்பா, இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீட்ல எல்லாருக்கும் ஒரே டிசைன். மொத்தமா எடுத்தேன், பாதி விலை!" என்று கட்டிலில் கொட்டினாள். புதுத்துணியின் கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். "அப்பாவுக்குக் கலர் பிடிக்கல போல" என்று அவள் உள்ளே சொன்னது காதில் விழுந்தது. கலர் நல்ல கலர்தான், மாம்பழ மஞ்சள். அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பிள்ளைகளே, சில விஷயங்கள் எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதினால் கொஞ்சம் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தக் கஞ்சி வாசம் என்னைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அணா போய் நயா பைசா வந்திருந்த புதிது. கையில் இருப்பது பைசா, வாயில் வருவது அணா. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மல்லாட்டை மண்டியில் எடை எழுதும் வேலை. மல்லாட்டை என்றால் நீங்கள் சொல்கிற வேர்க்கடலை. மூட்டை தராசில் ஏறும், ஆள் எடையைக் கத்துவான், நான் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை வாசலைத் தாண்டாது. "சீட்டு இருந்தா பேசு, இல்லாட்டி ஜல்தி எடத்த காலி பண்ணு" என்பார் முதலாளி. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சோப்பு வாங்கினாலும் ரசீது கேட்பேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். என் சட்டைப் பை எப்போதும் குருவிக்கூடு மாதிரி உப்பியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒன்றையும் விடாமல் நின்று நின்று விழுப்புரம் வந்து சேரும். என் மேல் மல்லாட்டைத் தூசி வாசம் அடிக்கிறது என்று உங்கள் சித்தப்பன்மார் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது அவர்கள் டவுசர் பையன்கள். அவர்களும் அம்மாவும் ரெஜினாவும் விழுப்புரத்தில். உங்களுக்கு அவள் ரெஜி அத்தை.

எங்கள் அப்பா விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அந்த வருஷம் கோயிலில் தர்மத்துணிப் பட்டியலில் எங்கள் பேரும் வந்தது. அது என்னவென்றால், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் எழுந்து ஏழைக் குடும்பங்களின் பேரை உரக்க வாசிப்பார். பேர் வந்தவர்களுக்குத் திருநாளுக்கு முதல் நாள் துணி கொடுப்பார்கள். கொடுத்தவர்கள் மனதில் குற்றம் கிடையாது. ஆனால் எங்கள் பேரை வாசித்தபோது அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு மண்டியில் வேலை கிடைத்த மாதமே அம்மா நேராகச் சாமியாரிடம் போனாள். "எங்க பேர எடுத்துடுங்க சாமி. எம்புள்ள சம்பாரிக்கிறான்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு வந்த நாள் வீட்டில் கறிக்குழம்பு வைத்தாள். கடன் வாங்கித்தான் வைத்தாள்.

ரெஜினாவுக்குப் பத்தொன்பது வயது. கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு அங்கேயே தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினில் உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது அவளுக்கு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என்னை "மண்டிக்கார்" என்றுதான் கூப்பிடுவாள். "வாங்க மண்டிக்கார், இன்னிக்கு எத்தினி சீட்டு கொண்டாந்தீங்க?" என்பாள்.

திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். நம்மவர்தான். திருநாள்களில் விழுப்புரம் கோயிலுக்கு வந்து ஆர்மோனியம் வாசிப்பார். ஒருநாள் சாப்பிடும்போது ரெஜினா, "அந்தக் கம்பவுண்டரு பாட்டுல ஒரு எடத்துல எப்பவும் தப்பா வாசிக்கிறாரு" என்றாள். நான் "அப்படியா" என்று சோற்றைப் பிசைந்தேன். தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவள் கேட்டிருக்கிறாள் என்பது அம்மாவுக்குத்தான் புரிந்தது. அம்மா உபதேசியாரிடம் சொல்ல, உபதேசியார் அங்கே சொல்ல, அவர்கள் வீட்டிலிருந்தும் பதில் வந்தது. கம்பவுண்டரின் அம்மா பெண்ணைப் பார்க்க வருகிறேன் என்றார். அந்தச் சேதி வந்த அன்று ரெஜினா என்னை மண்டிக்கார் என்று கூப்பிடவில்லை. "அண்ணா, தண்ணி வேணுமா?" என்றாள். இதற்கு மேல் அவள் மனசைச் சொல்ல எனக்குத் தெரியாது.

இங்கேதான் உங்கள் அப்பனின் கெட்டிக்காரத்தனம் ஆரம்பிக்கிறது. கல்யாணம் என்றால் தாலி, சாப்பாடு, பந்தல். அதற்காகத் தபாலாபீசில் மாதம் ஐந்து ரூபாய் போட்டு வந்தேன். சம்பளமே நாற்பத்தைந்து. அதனால் அந்த டிசம்பரில் ஒவ்வொரு செலவாகப் பிடித்து இறுக்கினேன். போன வருஷத்து நட்சத்திரத்துக்குப் புது மூங்கில் வாங்காமல் கிழிந்த காகிதத்தை மட்டும் மாற்றினேன். அதிரசத்துக்கு வெல்லம் வாங்க வேண்டும் என்பதால் முறுக்கு போதும் என்றேன். தபால்காரர் கிறிஸ்துமஸ் இனாம் கேட்டு வந்தபோது கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னேன். பாவம், கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு நாள் பலகாரம், தனியாக ஒரு புதுத்துணி எதற்கு என்று, "கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கே வந்துடச் சொல்லுங்க, கோயில்ல வச்சே பாத்துடலாம்" என்று உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினேன். ஒரே நாளில் இரண்டு செலவு முடிந்தது. நான் அன்றைக்கு மண்டியில் விசிலடித்துக்கொண்டே எடை எழுதினேன்.

மண்டிக்குப் பின்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே ஒரு சீட்டித் துணி கிடந்தது. நீலத்தில் வெள்ளைப் பூ. ஒரு ஓரத்தில் சாயம் சரியாக ஏறவில்லை. கெஜம் பத்தணா என்றார் கடைக்காரர். வெளியில் ஒன்றரை ரூபாய்க்குக் குறைந்து வராது. "இந்த டிசைன்ல இருந்த பீஸ் எல்லாத்தியும் ஒரே கையா எடுத்துக்கினு பூட்டாங்க. இது ஒண்ணுதான் மீதி. முழுசா எடுத்தாதான் அந்த வெல" என்றார். யார் எடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குக் காசு கிடையாது. நான் கேட்கவில்லை. இருபது கெஜத்தையும் பன்னிரண்டரை ரூபாய்க்கு வாங்கி, ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன், ஏதோ வேட்டைக்குப் போய் வந்தவன் மாதிரி. ரெஜினாவுக்குப் பாவாடை ரவிக்கை, அம்மாவுக்கு ரவிக்கை, எங்கள் மூன்று பேருக்கும் சட்டை. மீதியில் ஜன்னலுக்குத் திரை. நாங்கள் ஜன்னல் பக்கம் நின்றால் காணாமல் போய்விடுவோம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தையல் கூலி ஏது, வீட்டிலேயே ஆள் இருக்கிறது. "பதினேழு ரூபா மிச்சம்மா!" என்றேன். அம்மா துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரெஜினா ஓரத்தை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"எங்க எடுத்தண்ணா?"

"திண்டிவனத்துல. ஏன், நல்லா இல்ல?"

"நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் நான் கிளம்பும்போது வந்து நின்றாள். "அண்ணா, பாவாட ஓரத்துக்கு வெள்ள லேஸ் வச்சிக்கட்டுமா? அகலமா. ஆறணாதான் ஆவும்."

"லேஸ் இன்னாத்துக்கு? இருக்கிற பூ போதாதா?"

"அப்ப பழைய மஞ்சப் பாவாடயே கட்டிக்கிறேன். நல்லாத்தான் இருக்குது அது."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பொண்ணு பாக்க வர்றாங்க, பழசு கட்டிக்கினு நிக்கப் போறியா? உனக்காகத்தான இவ்ளோ கட்டுசெட்டா இருக்கிறேன்? வாய மூடிக்கினு இதையே தச்சிக் கட்டு" என்று கத்தினேன். டவுசர் பையன்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். ரெஜினா ஒன்றும் பேசவில்லை. வாய் நீளமானவள் பேசாமல் போனால் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

கிறிஸ்துமஸ் காலை. பனி. நாங்கள் ஐந்து பேரும் நீலத்தில் வெள்ளைப் பூவாகக் கோயிலுக்குள் போனோம். ஆண்கள் பக்கம் முட்டி போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். பெண்கள் பக்கம் முன்னால் நான்கு வரிசை நிறைய அதே நீலம். சின்னக் குழந்தையிலிருந்து பெரிய பெண் வரைக்கும். என் பக்கத்தில் ஒரு பையன் என் சட்டையையும் தன் சட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "அண்ணா, உங்களுக்கும் நேத்து குடுத்தாங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். எனக்கு அப்போதுதான் புரிந்தது, கடையில் ஒரே கையாக எடுத்தது யார் என்று. எங்கள் கோயிலே எடுத்திருக்கிறது, தர்மத்துணிக்கு.

பூசையில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. ஆர்மோனியம் மட்டும் கேட்டது. அன்றைக்கு அவர் தப்பே இல்லாமல் வாசித்தார்.

வெளியே வந்தோம். கிறிஸ்துமஸ் குடில் பக்கத்தில் கம்பவுண்டரின் அம்மா நின்றிருந்தார். நல்ல அரக்குச் சேலை, கையில் ஜெபமாலை. உபதேசியார் காட்டிவிட, எங்கள் பக்கம் வந்தார். அம்மாவைப் பார்த்தார், ரெஜினாவைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ஏம்மா, கோயில்ல குடுத்த துணிதான் உங்களுக்கும் வந்துதா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா. "எம்புள்ள திண்டிவனத்துல கடையில எடுத்தான்."

"கடையிலயா?" அவர் முற்றத்தில் போய்க்கொண்டிருந்த நீலங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப இத்தினி பேரும் கடையிலதான் எடுத்தாங்களா?"

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மண்டிக்காரனுக்கு என்ன தோன்றும்? சட்டைப் பையில் கையை விட்டேன். பழைய சட்டையிலிருந்து மாற்றி வைத்திருந்த சோப்பு ரசீது, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்த ரசீதை எடுத்து நீட்டினேன். "பாருங்க, காசு குடுத்து வாங்கினது. பில்லு இருக்குது."

அவருக்குப் படிக்கத் தெரியாது போல. பின்னால் வந்து நின்ற மகனிடம் கொடுத்தார். கம்பவுண்டர் தயங்கினார். "படிடா" என்றார் தாய். அவர் மெல்லப் படித்தார். "இருபது கெஜம். கெஜம் பத்தணா."

"பத்தணா!" என்றார் அந்த அம்மா. "தம்பி, ஏழ பாழன்னா எனக்கு எளக்காரம் இல்ல. நானும் கூழு குடிச்சி வளந்தவதான். ஆனா பொண்ணு பாக்க வர்றோம்னு ஒரு மாசம் முன்னாடி சொல்லி அனுப்பனோம். எங்களுக்கு நீங்க வச்ச மரியாத கெஜம் பத்தணா. அதுக்கு ஒரு பில்லு வேற."

கம்பவுண்டர் ரசீதை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெஜினாவை மட்டும் ஒரு தரம் பார்த்தார். அவள் தலையைக் குனியவே இல்லை. நேராக அவரைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் குடிலுக்கு முன்னால் ரசீதோடு நின்றேன்.

வீட்டில் கறி வெந்துகொண்டிருந்தது. பையன்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டார்கள். ரெஜினா பாவாடையை மாற்றி, துவைத்து, கொல்லையில் பிழிந்து உதறிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும் ரெஜினா? கடக்காரன் சொல்லல."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் விழித்தேன்.

"ஒரு மாசமா தையல் வகுப்புல தர்மத்துணிக்கு இதையேதான் தெச்சிக்கினு இருந்தேன். கவுனே நாப்பது. கண்ண மூடினா இந்தப் பூதான் வருது."

"அப்ப ஏண்டி சொல்லல?"

பாவாடையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அழவில்லை. "சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? கடையில திருப்பிக் குடுப்ப. அவன் ரெண்டு ரூபா கொறச்சிக் குடுப்பான். அந்த ரெண்டு ரூபாக்கி வருஷம் பூரா என்னையே சொல்லிக் காட்டுவ. லேஸுக்கே அந்தக் கத்து கத்தின."

பிள்ளைகளே, அதற்கு நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பார்த்தேன். அவள் சொன்னபடியே செய்திருப்பேன் என்பது எனக்கே தெரிந்ததால் வாய் வரவில்லை. மிச்சம் பிடிக்காதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நானே மிச்சம் பிடித்துத்தான் உங்களைப் படிக்க வைத்தேன். யாருக்காகப் பிடிக்கிறீர்களோ அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கம்பவுண்டர் அதற்குப் பிறகு எங்கள் கோயிலுக்கு வாசிக்க வரவில்லை. தை மாதத்தில் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று உபதேசியார் சொன்னார். ரெஜினா அதைக் கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் தர்மத்துணி தைக்கிற நேரம் வந்தபோது அவள் சாமியார் முன்னால் போய் நின்றிருக்கிறாள். "ஒரே துணியா எடுத்தா நான் தைக்க மாட்டேன் சாமி. வேற ஆள பாத்துக்கோங்க." சாமியார் நல்லவர். "மொத்தமா எடுத்தாத்தானே மலிவு ரெஜினா?" என்றாராம். "மலிவுதான் சாமி. ஆனா தூரத்துலயே தெரியுது" என்றாளாம். வேறு ஆள் எங்கே போவார்கள், அவள் கை வேகம் யாருக்கு வரும்? சாமியார் ஒத்துக்கொண்டார். காசுக்குத்தான் வழி தெரியவில்லை.

அவள் என்னைக் கேட்கவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். திண்டிவனம் முழுக்கக் கடை கடையாக ஏறினேன். மூன்று கெஜம், நான்கு கெஜம் என்று விற்காமல் தங்கிப்போன துண்டுத் துணிகள், ஒவ்வொன்றும் ஒரு டிசைன், எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்குப் பேசினேன். உங்கள் அப்பனுக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே வித்தை அதுதானே. மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினாள்.

"பில்லு எங்க மண்டிக்கார்?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் யார் வீட்டுத் துணி தர்மம், யார் வீட்டுத் துணி சொந்தம் என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. அதன் பிறகு ஒரே நிறத்தில் வரிசை உட்கார்ந்ததே இல்லை. சில வருஷத்தில் பேர் வாசிப்பதும் நின்றுவிட்டது.

ரெஜினாவுக்கு இன்னும் மூன்று வருஷம் கழித்து அரக்கோணத்தில் ஒரு ரயில்வே ஃபயர்மேன் அமைந்தார். மனைவி இறந்தவர், நாற்பது வயது. இரண்டாம் கல்யாணம் என்பதால் அவர் ஊர்க் கோயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில் முடித்துக்கொண்டார்கள். பந்தல் இல்லை, மேளம் இல்லை. தபாலாபீசில் நான் சேர்த்த பணம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். "பசங்க படிப்புக்கு வச்சிக்க" என்று திருப்பி என் கையில் வைத்துவிட்டு மாமாவோடு போய்விட்டாள். மாமா நல்ல மனுஷன்தான், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள் என்று எல்லாரும் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. மண்டி இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கெஜம் என்று கேட்டால் கடைப்பையன் என்னைத் தாத்தா என்கிறான். கோயிலையும் இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். பேத்தியின் ஞானஸ்நானச் சான்றிதழுக்காகப் போன மாதம் அங்கே போயிருந்தேன். அலுவலகத்தில் பழைய பதிவுப் புத்தகங்களை மேசைமேல் எடுத்து அடுக்கியிருந்தார்கள். சான்றிதழ் தயாராகும் வரை உட்கார்ந்திருந்தவன், அந்த நீலத்துணி வருஷத்துக் கல்யாணப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் ரெஜினாவும் கம்பவுண்டரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். என் விரல் அது பாட்டுக்கு ஒவ்வொரு பேராகத் தடவிக்கொண்டே இறங்கியது. அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக மூன்று ரெஜினாக்கள் இருந்தார்கள். மூன்று பேரும் வேறு யார் வீட்டுப் பெண்களோ.